கண்வழிக் கட்டளையும் கைவழிக் குறிப்பும்: மெய்நிகர் உலகில் உடலின் மொழி

மனிதன் கருவியைக் கையாளுதல் ஒரு செயல். கருவி மனிதனை அறிந்துகொள்ளுதல் வேறொரு செயல். நெடுங்காலமாக முன்னையது மட்டுமே நிகழ்ந்து வந்தது. உளி பிடித்தவனின் கண் எங்கே நிற்கிறது என்பதை உளி அறியாது. தட்டச்சுப் பொறியும் அறியாது. 1968 டிசெம்பரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ நகரில் கணினிச் சுட்டியை அறிஞர் முன் இயக்கிக் காட்டிய வேளையிற்கூட, அக்கணினி அறிந்தது ஒரு சிறு பெட்டி மேசைமீது நகர்ந்த தூரத்தை மட்டுமே. அதே ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்பார் தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றை வெளிப்படுத்தினார். கூரையிலிருந்து தொங்கவிடவேண்டிய அளவுக்குப் பாரமான கருவி அது. அணிந்தவர் தலையைத் திருப்பினால், அதற்கேற்பக் கோட்டு வடிவிலான உருவமொன்று அவர் கண்முன் திரும்பித் தோன்றும். காட்சியை ஒழுங்காகக் காட்டுவதற்கே உடலின் நிலையைக் கருவி இடையறாது அளந்துகொண்டிருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கேதான் முளைகொண்டது எனலாம். தலையை அளந்த கருவி கண்ணையும் கைவிரல்களையும் அளக்கத் தொடங்கி இப்போது சில ஆண்டுகளே ஆகின்றன.

மெய்நிகர் உலகு என இன்று வழங்குவது, கணினி ஆக்கிய காட்சியொன்றினுள் தாம் நிற்பதாகவே ஒருவர் உணரும் நிலையாகும். அவ்வுலகினுள் விசைப்பலகைக்கு இடமில்லை. கண்ணும் கையுமே அங்கு கருவிகளாதல் வேண்டும். இது எவ்வாறு இயல்கிறது என்பதை விளக்குவதும், இதனாற் கொழும்பு வாழ் தமிழராகிய நம்மெதிரே எழும் வினாவொன்றைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

முதலிற் கண்ணைப் பார்ப்போம். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்திப் பிடித்தால், அதன் நகத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. நாம் மிகத் தெளிவாகக் காணும் பரப்பு அவ்வளவே. விழித்திரையின் நடுவேயுள்ள சிறு குழியிலேதான் கூர்ந்து பார்க்கவல்ல கலங்கள் நெருங்கியுள்ளன. எஞ்சிய பகுதி அசைவையும் வெளிச்சத்தையும் உருவின் சாயலையுமே உணரும். முழுக் காட்சியையும் ஒருங்கே காண்பதாக நாம் எண்ணுவதற்குக் காரணம், செக்கனுக்கு மூன்று நான்கு முறை கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய்ந்துகொண்டிருப்பதாகும். பாயும் கணத்தில் நாம் ஏறத்தாழக் குருடர்; மூளை அவ்விடைவெளியை நமக்குத் தெரியாமலே மறைத்துவிடுகிறது. வாசிக்கும்போது கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவியே செல்கிறது என்பது 1879 அளவில் பாரிஸ் நகரில் எமில் ஜவால் என்பவரின் ஆய்வுகூடத்திலிருந்து வெளியான செய்தி.

இத்துறையில் நாம் மறக்கலாகாத பெயர் சோவியத் அறிஞர் அல்பிரட் யார்பஸ் என்பாருடையது. கண்மீது சிறு உறிஞ்சு கிண்ணமொன்றைப் பொருத்தி, அதிலிருந்த ஆடியிற் பட்டுத் தெறித்த ஒளியைக் கொண்டு அவர் கண்ணசைவுகளைப் பதிந்தார். பரிசோதனைக்கு அவர் தெரிந்தெடுத்தவற்றுள் ஒன்று ரெப்பின் வரைந்த புகழ்பெற்ற ஓவியம்: நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராது வீடு திரும்பும் காட்சி. அதே மனிதருக்கு அதே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு வினாக்களை யார்பஸ் விடுத்தார். குடும்பத்தின் பொருளாதார நிலை யாதெனக் கேட்டபோது கண்கள் தளபாடங்களிலும் உடைகளிலும் உலாவின. வயதுகளைக் கேட்டபோது முகங்களில் மட்டுமே நின்றன. 1965 இல் உருசிய மொழியிலும் 1967 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவரது நூல் நிறுவியது யாதெனிற், பார்வையின் தடம் காட்சியால் மட்டும் அமைவதன்று, பார்ப்பவரின் உள்ளத்து வினாவாலும் அமைகிறது என்பதாகும். இதனை மறுபுறமாக வாசிக்கலாம்: பார்வையின் தடம் கிடைத்தால் உள்ளத்து வினாவை ஊகிக்கலாம். இவ்வுண்மைக்குப் பின்னர் திரும்புவோம்.

உறிஞ்சு கிண்ணம் இன்று வேண்டியதில்லை. தலையணியின் உட்புறத்தே, வில்லைகளைச் சுற்றி, செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசும் சிறு விளக்குகளும் நுண்ணிய ஒளிப்படக் கருவிகளும் பொருத்தப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அக்கதிர்கள் விழிவெண்படலத்திற் பட்டுச் சிறு புள்ளிகளாய் ஒளிரும். கண் திரும்பும்போது கண்மணி நகரும். ஒளிப்புள்ளிகளோ அத்துணை நகரா. இரண்டிற்கும் இடையேயான தூரத்தையும் திசையையும் கொண்டு பார்வை நிற்கும் இடம் கணிக்கப்படுகிறது. ஆயினும் கண்ணின் வடிவ அச்சும் உண்மையான பார்வைக் கோடும் ஒன்றல்ல. இடையே ஏறக்குறைய ஐந்து பாகை வேறுபாடு உண்டு, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். எனவேதான் தலையணியை முதன்முதல் அணிபவர் சில புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கும்படி கேட்கப்படுகிறார்.

ஈண்டு நம்மவர்க்குச் சிறப்பாகப் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. நமது கருவிழி உண்மையிலேயே கரியது. கண்மணிக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் வேறுபாடு சாதாரண வெளிச்சத்தில் எளிதிற் புலப்படாது. ஆனாற் கருமைக்குக் காரணமான மெலனின் செந்நிறக்கீழ்க் கதிரைச் சிறிதளவே உறிஞ்சுவதால், அக்கதிரில் நமது கருவிழி வெளிறித் தோன்றுகிறது, கண்மணி தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. கண்ணுக்கு மையெழுதினால் நிலைமை மாறக்கூடும். கரிமை அக்கதிரையும் உறிஞ்சுவதால், இமையோரத்துக் கறுப்பைக் கண்மணியெனக் கருவி மயங்க இடமுண்டு. மையிட்ட கண் உலகெங்கும் பொதுவான வழக்கம் எனக் கருவியை அமைத்தோர் எண்ணியிருப்பின் இத்தடை முதலிலேயே கவனிக்கப்பட்டிருக்கும்.

பார்க்குமிடத்தை மட்டும் நுட்பமாக வரைந்து எஞ்சியதை மங்கலாக விட்டாற் கணினியின் உழைப்பு பெரிதும் குறையும். இது கண்ணசைவறிதலின் முதற் பயன். இதிற் சிக்கல் அதிகமில்லை. கண்ணாற் கட்டளையிட முற்படும்போதே சிக்கல் எழுகின்றது.

தொட்டதெல்லாம் பொன்னாகிய மைடாஸ் அரசனின் கதையை நாம் அறிவோம். நோக்கியதெல்லாம் கட்டளையாகிவிடின் கண்ணுக்கும் அதே கதிதான். ரொபேர்ட் ஜேக்கப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1990 அளவிலேயே இதற்கு மைடாஸ் தொடுகைச் சிக்கல் எனப் பெயரிட்டார். நாம் பலவற்றைப் பார்க்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவற்றை விரும்புவதில்லை. ஓரிடத்தில் நெடுநேரம் நோக்கினால் அதனைக் கட்டளையாகக் கொள்வதென்றால், ஒவ்வொரு செயலுக்கும் முறைத்துப் பார்க்கவேண்டியதாகிறது. கண் சிமிட்டலைக் கட்டளையாக்கினாற் சிமிட்டலே செயற்கையாகிவிடும்.

மைக்கல் லாண்ட் என்ற ஆங்கிலேய அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் துணைசெய்யும். அவர்கள் ஆராய்ந்தது தேநீர் தயாரிக்கும் செயலை! வெள்ளவத்தையில் காலி வீதித் தேநீர்க்கடையொன்றின் முன் நின்று பிளேன்ரீ ஊற்றுபவரைக் கவனித்தவர்க்கு அம்முடிபு வியப்பளிக்காது. கை கோப்பையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரைச் செக்கன் முன்னரே கண் கோப்பையிற் சென்று நிற்கும். கை தன் வேலையை முடிக்குமுன்னரே கண் அடுத்த பொருளுக்குப் போய்விடும். வேலைசெய்யும்போது கண் வழிகாட்டி, கை பின்தொடர்வது. கண் சுட்டட்டும், கை உறுதிசெய்யட்டும் என்ற தீர்வு இவ்வியல்பை ஒட்டியதாகும். நோக்கிய பொருளைப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கிள்ளும் அசைவினாற் தெரிவுசெய்யும் முறையை கென் புஃபோய்பர் முதலியோர் 2017 இல் மெய்நிகர் உலகுக்கென ஆராய்ந்து வெளியிட்டனர். அப்பிள் கொம்பனி 2024 பெப்ரவரியில் அமெரிக்காவிற் சந்தைப்படுத்திய தலையணி இம்முறையையே தனது அடிப்படையாகக் கொண்டது. அதன் விலை 3,499 டொலராக இருந்தது என்பதையும் கூறிவைப்போம்.

கையசைவறிதலின் வரலாறு வேறு. 1980 இல் மஸசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் றிச்சர்ட் போல்ற், சுவரிற் தெரியும் படத்தைக் கையாற் சுட்டியும் வாயாற் கூறியும் இடமாற்றும் முறையைச் செய்துகாட்டினார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் விரல் மடிப்புகளை அளக்கும் கையுறைகள் விற்பனைக்கு வந்தன. இன்று கையுறையும் இல்லை. தலையணியின் வெளிப்புறத்து ஒளிப்படக் கருவிகள் வெறுங்கையைப் பார்க்கின்றன. ஆயிரமாயிரம் கைப்படங்களாற் பயிற்றப்பட்ட கணினி, மணிக்கட்டு முதல் விரல் நுனிகள் வரையுள்ள இருபதுக்கு மேற்பட்ட புள்ளிகளின் இருப்பிடத்தைக் கணத்துக்குக் கணம் மதிப்பிடுகிறது. மெற்றா கொம்பனி 2019 டிசெம்பரிற் தனது தலையணிக்கு இவ்வசதியை வழங்கியபின் இது பரவலாயிற்று. ஒரு கை மற்றதை மறைக்கும்போது கருவி ஊகத்தையே நம்பவேண்டும். தொடு உணர்வு இல்லாமை அதனினும் பெருங் குறை. செட்டியார் தெருவிற் பொன் வேலைசெய்யும் ஒருவர் நகையைக் கண்ணாற் பார்ப்பதோடு உள்ளங்கையில் இட்டு அதன் பாரத்தையும் உணர்கிறார். மெய்நிகர் உலகின் மோதிரத்துக்குப் பாரம் இல்லை.

கை குறித்துத் தமிழ் மரபு நமக்குத் தந்துள்ள கலைச்சொற்கள் இவ்விடத்திற் பெரிதும் பயன்படுகின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் கைவகைகளை விரித்துரைப்பன. ஒற்றைக்கை முப்பத்துமூன்று, இரட்டைக்கை பதினைந்து என உரை வகுக்கும். கணக்கினும் நமக்கு முக்கியமானது வேறொரு பகுப்பாகும்: அழகின் பொருட்டு அமைவது எழிற்கை, தொழிலைக் காட்டுவது தொழிற்கை, பாட்டின் பொருளை உணர்த்துவது பொருட்கை. தலையணி இன்று அறிவது தொழிற்கை ஒன்றையே, அதுவும் கிள்ளல், பிடித்தல், தள்ளல் என்ற சில தொழில்களை மட்டுமே.

பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சேர, ஏனைய மூன்றும் விரிந்து நிற்பது நாட்டியத்தில் ஹம்சாஸ்யம். ஏறத்தாழ அதே வடிவம் தென்முகக்கடவுளின் கையிற் சின்முத்திரை. கலிபோர்னியாவின் பொறியியலாளர்க்கு அது 'தெரிவுசெய்' என்னும் கட்டளை. வெள்ளவத்தையில் நடனம் பயிலும் பிள்ளையொருத்தி அத்தலையணியை அணிந்து அபிநயம் பிடிப்பாளாயின், பூத்தொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாளரம் திறந்துகொள்ளும். கருவி பிழைசெய்தது என்று இதனைக் கூறவியலாது. வடிவம் ஒன்றாயினும் அதன் பொருள், அசைவும் முகமும் சூழலும் சேர்ந்தே பிறக்கிறது என்பதை வடிவத்தை மட்டும் அளக்கும் முறை எட்டாது.

இன்னொன்றும் உண்டு. கை சென்ற வழியே கண் செல்லவேண்டும் என அபிநயதர்ப்பணம் விதிக்கிறது. லாண்ட் தேநீர்க் கோப்பையிற் கண்டதற்கு இது நேர்மாறு! முரண்பாடு என இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. வேலைசெய்பவரின் கண் தகவல் தேடி முன்னே ஓடுகிறது. ஆடுபவருக்குத் தம் கை எங்கே போகிறதென்று முன்னமே தெரியும். அவர் கண் கையைத் தொடர்வது, அவையோரின் கண்ணைத் தம் கைக்கு அழைத்துச் செல்வதற்காக. முன்னையது தனித்த உழைப்பின் ஒழுங்கு, பின்னையது மற்றொருவரை முன்னிட்ட உணர்த்துகையின் ஒழுங்கு. கண் முந்தும், கை பிந்தும் என்ற ஒரே ஒழுங்கின்மீது அமைந்த கருவிகள் மனித உடலின் பாதி மொழியையே கற்றுள்ளன என்பது நம் கருத்து.

இதுகாறும் கூறியவற்றால் இத்தொழில்நுட்பம் செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள் எனத் தோன்றலாம். அவ்வாறு ஒதுக்குவது தவறு. சென்னையிலுள்ள வித்யாசாகர் நிறுவனம், பெருமூளை வாதம் முதலியவற்றாற் பேச்சும் கையசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு நெடுங்காலமாகத் தொண்டாற்றி வருவது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த பிரதீப்த பிஸ்வாசும் அவர்தம் குழுவினரும் அங்குள்ள மாணவரோடு சேர்ந்து, கண்ணசைவால் இயங்கும் இயந்திரக் கையொன்றை உருவாக்கி 2020 அளவில் வெளியிட்டனர். மாணவர் திரையில் இடத்தை நோக்க, இயந்திரக் கை அச்சுக் கட்டையை எடுத்துத் துணியின்மீது அவ்விடத்தே பதிக்கும். மெய்க்காட்சியின்மேற் கணினிக் காட்சியை ஏற்றிக் காட்டும் முறை அதிற் கையாளப்பட்டது. விலையுயர்ந்த தலையணிக்குப் பதிலாகச் சாதாரண ஒளிப்படக் கருவியின் படத்திலிருந்தே பார்வையைக் கணிக்கும் வழியையும் அவர்கள் நாடினர். இம்மாணவரின் கண்ணிற் கட்டுப்பாடற்ற பாய்ச்சல்கள் மிகுதி. திரையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரேவிதமாகப் பார்வையை நிறுத்த அவர்களால் இயலாது. ஆகவே நல்ல கண்ணுடையோர்க்கென அமைத்த திரையை அப்படியே கொடுப்பதிற் பயனில்லை. இலக்குகள் சிலவாகவும் பெரியனவாகவும் அமைதல் வேண்டும். கூலிக்குரிய ஒரு தொழிலை, அதுவரை எத்தொழிலுக்கும் ஆகாதவர் எனக் கருதப்பட்டோர் கண்ணாற் செய்தனர் என்பதே இதன் சமூகப் பெறுமதி.

இலங்கையரான சுரங்க நாணயக்கார அமெரிக்காவில் மஸசூசெற்ஸ் கழகத்திற் பிறரோடு சேர்ந்து ஆக்கிய விரல்மோதிரக் கருவியும் இவ்வரிசையிற் குறிப்பிடற்குரியது. அம்மோதிரத்திற் சிறு ஒளிப்படக் கருவி உண்டு; கட்புலனற்றோர் ஒரு பொருளைச் சுட்டினால் அது இன்னதெனக் குரல் கூறும். அதன் வழிவந்த மற்றொரு கருவி அச்சிட்ட வரிமீது விரலை நகர்த்த வாசித்துக் காட்டும். கண் இல்லாதவிடத்துக் கையே கண்ணாகிறது.

இனி யார்பஸ் கண்ட உண்மைக்குத் திரும்புவோம். நாம் எதை நோக்கினோம், எவ்வளவு நேரம் நோக்கினோம், எதைக் கண்டு விலகினோம் என்பன அனைத்தும் தலையணியினுட் கணத்துக்குக் கணம் எண்களாகின்றன. இவை யாருடையவை? 2020 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 511 பேரின் தலை, கை அசைவுகளைப் பதிந்தனர். ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த பதிவிலிருந்து, பெயர் நீக்கப்பட்ட நிலையிலேயே, அவர்களை 95 சதவீதம் சரியாக இனங்காண முடிந்தது. 2023 இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லிப் பிரிவினர் 50,000 இற்கு மேற்பட்ட விளையாட்டாளரின் பதிவுகளை ஆராய்ந்தனர். முன்னரே சில நிமிடப் பதிவு கைவசம் இருப்பின், 100 செக்கன் அசைவே ஒருவரை 94 சதவீதத்துக்கு மேற்பட்ட திருத்தத்துடன் காட்டிக்கொடுக்கப் போதுமானதாயிற்று. கைரேகையைப் போலக் கையசைவும் ஒருவர்க்கே உரியது.

அப்பிள் கொம்பனி, கிள்ளும் கணம் வரை பார்வை நிற்கும் இடத்தைப் பிற செயலிகளுக்கு அறிவிப்பதில்லை என்கிறது. நல்ல ஏற்பாடே. எனினும் 2024 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஒருவர் கண்ணாற் தட்டெழுதும்போது எதிர்முனையிற் தெரியும் அவரது கணினி உருவத்தின் கண்களைக் கவனித்தே அவர் எழுதியதை ஊகிக்கலாம் எனக் காட்டினர். கொம்பனி அவ்வழியை அடைக்க நேர்ந்தது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டின் கீழே விரல் தொட்டு விலை பேசும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கே கை பேசுகிறது, ஆனால் மூன்றாமவர் காணார். மறைவும் மொழியின் ஓர் உறுப்பு என்பதை அத்துண்டு அறிந்திருந்தது. மெய்நிகர் உலகில் அத்துண்டுக்கு இடமளிக்கப்படவில்லை.

இதனை இத்துணை அழுத்துவதற்கு இந்நகரத்து வரலாறே காரணம். 2007 யூன் 7 ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று ஒருவரைச் சந்தேகத்துக்குரியவராக்கப் போதுமாயிருந்தவை அடையாள அட்டையிலுள்ள ஊர்ப்பெயரும் விடுதிப் பதிவேடும். சோதனைச் சாவடியிற் கண்ணைத் தாழ்த்துவதா நேரே நோக்குவதா என்று தயங்கிய தலைமுறை இன்னும் இவ்வீதிகளில் வாழ்கிறது. பார்வையின் தடத்தைச் சேமித்து வைக்கும் கருவி பரவும்போது, பதிவேடு யார் கையிற் போய்ச்சேரும் என்று முதலிற் கேட்கவேண்டியவர்கள் இத்தகையோரே.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவியற் தரவுகளைச் சிறப்பு வகையினவாகக் கொண்டு கூடிய காப்பு வழங்குகிறது. ஆனால் அச்சட்டத்தில் உயிரளவியற் தரவு என்பது, உடல் அல்லது நடத்தைக் கூறுகளைக் கொண்டு ஒருவரைத் தனித்து இனங்காண உதவுவதையே சுட்டுகிறது. கண்ணசைவு ஒருவர் இன்னாரெனக் காட்டும்போது அவ்வரையறைக்குள் அடங்கும். அதே கண்ணசைவு, அவர் எந்தப் பத்திரிகைத் தலைப்பில் நின்றார், எந்த வேட்பாளரின் முகத்தை விலக்கினார் என்பதைக் காட்டும்போது எவ்வகையில் அடங்கும் என்பதைச் சட்டத்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒரே மேசையிலிருந்து ஆராய்தல் வேண்டும்; தலையணிகள் நமது ஆய்வுகூடங்களுக்கு வந்து சேர்வதற்கு முன்னரே அதனைத் தொடங்குதல் வேண்டும்.